நீலத் துண்டு தைத்த கம்பளி

செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் தரையில் நீளமாகக் கிடந்தால் யாராக இருந்தாலும் தாண்டித்தான் போவார்கள். அவள் தாண்ட மாட்டாள். குழாய் எந்த முனையில் தொடங்குகிறதோ அந்த முனை வரை நடந்து, சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அது குழாய்தான்க்கா, பாம்பில்ல."

"தெரியும்மா. கால் கேக்க மாட்டேங்குது."

அந்தக் கால்களை அப்படிப் பழக்கி வைத்தவர் அவள் புருஷன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. கால்கள் மட்டும் இன்னும் அவர் பேச்சைத்தான் கேட்கின்றன.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊரே அவரைத் 'தள்ளிநில்லு' என்றுதான் கூப்பிட்டது. "தள்ளிநில்லு இருக்காருங்களா?" என்று மரியாதையாகவே போனில் கேட்பார்கள். அவளும் மரியாதையாகவே, "இருக்கார், கூப்பிடறேன்" என்பாள். சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து வெளியே போடுவது அவர் தொழில். ஊர் முடிகிற இடத்தில் ஒரு பட்டறை, பட்டறையில் ஒரு பழைய ஜீப், ஜீப்பின் முன் பம்பரில் ஒரு வின்ச். அதில் ஒன்றும் மாயமில்லை. ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கம்பி, கம்பி நுனியில் கொக்கி, சுற்றி இழுக்க ஒரு மோட்டார், அவ்வளவுதான். கிணற்றில் வாளி இறைப்பது மாதிரிதான், என்ன, வாளிக்குப் பதில் இரண்டு டன் வண்டி வரும்.

வாடிக்கையாளர்கள்தான் கண்கொள்ளாக் காட்சி. பளபளவென்று நல்ல ரோடு இருக்கும்போது, அதை விட்டுவிட்டு ஏரிப் படுகையில் இறங்கி, ஆற்றைக் குறுக்கே வெட்டி, மலைச் சரிவில் ஏறிப் பார்ப்பேன் என்று லீவு நாளில் கிளம்புகிற கூட்டம். போகும்போது வீரம், மாட்டிக்கொண்டதும் போன். தள்ளிநில்லு போய் இறங்கியதும், "சீக்கிரம் இழுங்க சார், பாத்துக்கிட்டே இருக்கீங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவர் காதில் விழாதது போல் டீயைக் குடித்து முடிப்பார். பிறகு அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

அவர் வேலை செய்கிற விதம் பார்க்கிறவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும். முதலில் தோல் கையுறை. பிறகு, தன் ஜீப்பின் சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகள். கம்பியை இழுத்துக்கொண்டு போகும்போது உருளையில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கிறதா என்று எண்ணுவார். மரத்தில் கட்ட வேண்டியிருந்தால் கம்பியை மரத்தில் சுற்றவே மாட்டார், அகலமான பெல்ட்டை அடிமரத்தில் போட்டு அதில்தான் கொக்கியை மாட்டுவார். ஜீப்பின் பானட்டைத் தூக்கி நிறுத்துவார், கம்பி அறுந்து திரும்பி வந்தால் கண்ணாடிக்கும் ஆளுக்கும் அது கேடயம். கடைசியாகக் கம்பியின் நடுவில் ஒரு கனமான கம்பளியை மடித்துப் போடுவார். அறுந்தாலும் அந்தப் பாரம் கம்பியைத் தரையோடு அமுக்கிவிடும், ஆகாயத்தில் வீச விடாது. இதெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பேர்பெற்ற குரல் வரும்.

"தள்ளி நில்லு. இன்னும். இன்னும் தள்ளி. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி."

சைகை கொடுக்க ஒரே ஒரு ஆள்தான். பத்துப் பேர் கத்தினாலும் அவர் கண் அந்த ஒருவர் கையில்தான் இருக்கும். விரலைச் சுழற்றினால் இழு. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. இரண்டு கையையும் தலையில் வைத்தால் கம்பி தளர்ந்துவிட்டது, பயமில்லை என்று பொருள். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக அவரே கண்டுபிடித்த சைகை. அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் வண்டி போச்சு என்று நினைத்துப் பதறிய கதைகள் நிறைய உண்டு.

அந்தக் கம்பளி அவர்கள் கல்யாணமான வருஷத்துக் குளிருக்கு வாங்கியது. பழுப்பு நிறம், இரண்டு பேர் போர்த்திக்கொள்ளலாம். ஒருநாள் காணவில்லையே என்று தேடினால், சேறும் கிரீஸுமாக ஜீப்பில் கிடக்கிறது. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தில் பட்டறைக் கூரையே பறந்திருக்கும். பிறகு அவளே அதில் விழுந்த ஓட்டைக்கு, தம்பியின் பழைய நீலச் சட்டையிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தைத்துக் கொடுத்தாள். பொருத்தமான துணி வீட்டில் இல்லை. இருந்த கோபத்துக்கு அது போதும் என்று நினைத்தாள்.

ஏன் இத்தனை ஜாக்கிரதை என்று கேட்பவர்களுக்கு அவர் பட்டறைச் சுவரைக் காட்டுவார். அங்கே ஒரு ஜீப் கதவு மாட்டியிருக்கும். தகரம் குறுக்கே கிழிந்து, அந்தக் கிழிசலில் ஒரு கை நுழையும். "கம்பி அறுந்து அடிச்சது. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்திருந்தான்" என்பார். கேட்டவர்கள் முகம் வெளுத்துப்போய்த் தள்ளி நிற்பார்கள். அந்த ஆள் அவரேதான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இருபத்து மூன்று வயதில், மடியிலிருந்து விழுந்த பிஸ்கட்டை எடுக்கக் குனிந்த நேரத்தில் கம்பி தலைக்கு மேலே போயிருக்கிறது. "ஒரு பிஸ்கட்டால நான் உசிரோட இருக்கேன், இத வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இப்போது தம்பிக்கு வருவோம். அவளுக்கு ஒரே தம்பி, பத்து வயது இளையவன். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையச் சேட்டை. இருபத்தோரு வயதில் அத்தானிடம் கொக்கி மாட்டும் வேலைக்குச் சேர்ந்தான். ஐந்து வருஷம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அவன் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்து அத்தானைப் போலவே, "தள்ளி நில்லு, இன்னும் தள்ளி" என்று நடித்துக் காட்டுவான். அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்துச் சிரிப்பார். அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த ஐந்து வருஷத்தைத்தான் சொல்வாள்.

கெடுத்துக்கொண்டவன் அவனேதான். ஆற்றுப்படுகையில் ஒரு பெரிய வண்டி, கரையில் வேடிக்கை பார்க்க நாற்பது பேர், அதில் நாலைந்து இளம்பெண்கள். கம்பி முழுப் பாரத்தில் விறைத்து நிற்கிறது. நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? ஸ்கிப்பிங் ஆடுகிற சிறுமி மாதிரி அந்தக் கம்பியைத் தாண்டிக் குதித்தான். திரும்பவும் குதித்தான். கரையில் விசிலும் கைதட்டலும் பறந்தன. அத்தான் மோட்டாரை நிறுத்தினார். கம்பியைத் தளர்த்தினார். அவனைக் கரைக்குப் போகச் சொல்லிவிட்டு, மீதி வேலையைத் தனியாக முடித்தார். அன்று மாலை பட்டறை வாசலில் வைத்துச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம் மச்சான்."

"ஒண்ணும் ஆகலையே அத்தான். அறுந்துச்சா? இல்லையே."

"அறுந்திருந்தா உங்கக்காகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

"பயந்தாங்கொள்ளின்னு ஊர்ல சொல்றது சரிதான் போல."

அவள் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கெஞ்சினாள். கதவுக் கதையையாவது அவனிடம் சொல்லுங்கள் என்று அவர் காதோரம் அழுதாள். அவர் பட்டறைக்குள் போய்க் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். தம்பி அன்றைக்கே மூட்டை கட்டினான். மறுநாள் பார்த்தால் ஜீப்பில் கம்பளியைக் காணோம்.

பதினோரு வருஷம். போன் இல்லை, கடிதம் இல்லை. வேறு ஊரில் சொந்தமாக ஜீப் வாங்கி, இந்த லீவு நாள் கூட்டங்களைக் காட்டுக்கும் மேட்டுக்கும் கூட்டிப்போகிறான் என்று சித்தி வழியாகத்தான் சேதி வந்தது. அவள் மனதில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. தான் கண்ணை மூடுவதற்குள் இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதை வாய்விட்டும் சொல்வாள். சொல்லிவிட்டு அவருக்கு விளிம்பு உடைந்த கோப்பையாகப் பார்த்து எடுத்து டீ ஊற்றிக் கொடுப்பாள்.

"அந்தக் கம்பிக்கு இருக்கற மரியாதை என் தம்பிக்கு இல்ல உங்ககிட்ட."

"மரியாதை கம்பிக்கு இல்ல."

"பின்ன யாருக்காம்?"

டீயை மட்டும் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

தம்பி போன பிறகு அந்த வேலைக்கு வந்த ஆட்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒருவன் கையுறையில் கை வியர்க்கிறது என்றான், ஒருவன் கொக்கியை ஒற்றைக் கையால் சுழற்றினான். கடைசியில் அவளே கையுறையை மாட்டிக்கொண்டாள். நாற்பது வயதில் புருஷனிடம் வேலைக்குச் சேர்ந்த கதை அது. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தாள், ஆனால் ஒரு விதியைக்கூட விடவில்லை. கொக்கியை நேராகப் பிடிக்காமல் அதில் கட்டிய வாரைப் பிடித்துப் போவாள். கம்பி இருக்கும் பக்கம் போகாமல் எவ்வளவு தூரமானாலும் சுற்றிப் போவாள். அவர் புதுக் கம்பளி வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நனைந்த சாக்குகளைக் கம்பியின் மேல் போடுவாள்.

தம்பி போய்ப் பதினோரு வருஷம் ஆன பிறகு, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளியூர்க் கூட்டத்தோடு வந்த ஒரு பெண் யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் செய்தாள். ஏரிப் படுகையில் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது, வண்டியிலேயே வின்ச் இருக்கிறது, அதன் மோட்டார் பாதியில் புகைந்துவிட்டது என்றாள். இருவரும் கிளம்பினார்கள்.

போய்ப் பார்த்தால், அந்த வண்டியின் மூக்கு கரையைப் பார்த்தபடி சேற்றில் புதைந்திருந்தது. அதன் வின்ச்சிலிருந்து கம்பி கரையில் ஒரு பெரிய மரம் வரை போயிருந்தது. மோட்டார் செத்துவிட்டதால் கம்பி முழுப் பாரத்தில் அப்படியே விறைத்து நின்றது, முழங்கால் உயரத்தில். முன்னே இழுக்கவும் வழியில்லை, தளர்த்தவும் வழியில்லை. இந்த நிலையில்தான் ஜனங்கள் கோடாலியும் கையுமாகக் கிட்டே போய் நிற்பார்கள். இங்கே அப்படி இல்லை. வந்திருந்த ஐந்து பேரும் தூரத்து மேட்டில் ஒழுங்காக நின்றார்கள். மரத்தில் அகலமான பெல்ட். வண்டியின் பானட் தூக்கி நிறுத்தியிருந்தது. ஓட்டுநர் அதற்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

"யாரோ வேலை தெரிஞ்ச ஆளு" என்றார் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்து அவள் கேட்டதே இல்லை.

திட்டம் எளிது. தங்கள் ஜீப்பைக் கரையில் கட்டை கொடுத்து நிறுத்தி, தங்கள் கம்பியை அந்த வண்டியின் முன்பக்கத்து இன்னொரு கொக்கியில் மாட்டி மெதுவாக இழுத்தால், பாரம் இந்தப் பக்கம் மாறும், அந்தக் கம்பி தானாகத் தளர்ந்துவிடும். அவள் வாரைப் பிடித்துக் கம்பியை இழுத்துக்கொண்டு, விறைத்த கம்பியை விட்டு வெகுதூரம் விலகி, வண்டியின் பக்கவாட்டைப் பார்த்து வளைவாக நடந்தாள். நடந்துகொண்டே வழக்கம்போல் அந்தக் கம்பியின் நடுவில் பாரம் போட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

போட்டிருந்தது. பழுப்புக் கம்பளி. அதில் தட்டு அகலத்துக்கு ஒரு நீலத் துண்டு.

அவள் நிமிர்ந்தாள். பானட்டுக்குப் பின்னாலிருந்து ஓட்டுநர் கம்பிக்கு அந்தப் பக்கமாக வெளியே வந்தான். தொப்பை போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான்.

பிறகு நடந்ததை அவள் வெட்கத்தோடுதான் சொல்வாள். வாரை விட்டாள். சேற்றில் செருப்பு போனது தெரியாமல் நேர்க்கோட்டில் அவனைப் பார்த்து ஓடினாள். ஏழு வருஷம் சுற்றிச் சுற்றி நடந்த கால்கள் அவை. விறைத்த கம்பி நாலு எட்டு தூரத்தில் இருந்தது. அது அவள் கண்ணிலேயே படவில்லை.

"தள்ளி நில்லு!"

இரண்டு குரல். ஒன்று கரையிலிருந்து, ஒன்று எதிரிலிருந்து. ஒரே வார்த்தை, ஒரே அதட்டல். அவள் ஆணி அடித்தது போல நின்றாள்.

கரையில் நின்றவர் தொப்பியைக் கழற்றி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் குரல்தான் முதலில் வந்தது.

"நீ மேட்டுக்குப் போ. அவன் வந்து கொக்கிய எடுத்துக்குவான்."

"நான் மாட்டறேங்க. கிட்டக்க வந்துட்டேனே."

"வாரையே விட்டுட்டு ஓடினியே. இப்ப உன் கையில கொக்கி கூடாது."

கோபம் வந்தது அவளுக்கு. தம்பி முப்பது அடியில் நிற்கிறான், மேட்டுக்குப் போ என்கிறாரே இந்த மனுஷன். எதிரில் பார்த்தால் அவனும் கையால் விலகு விலகு என்றுதான் காட்டுகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய், அந்த ஐந்து பேரோடு நின்றாள். போன் செய்த பெண் அவள் அழுவதைப் பார்த்து, "கவலப்படாதீங்கம்மா, வண்டி வந்துரும்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

தம்பி வண்டியின் பின்பக்கமாகவே சுற்றி வந்தான். கையுறை போட்டிருந்தான். வாரைப் பிடித்துக் கொக்கியைக் கொண்டுபோய் மாட்டினான். மாட்டியதை ஒருமுறை அசைத்துப் பார்த்தான். அந்தக் கம்பிக்கும் பாரம் வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். கழுத்துப் பட்டனைக் கழற்றி, தன் கனத்த மழைக்கோட்டை மடித்து நடுவில் போட்டான். எல்லாம் முடிந்து வண்டிக்குப் பின்னால் தள்ளிப்போய் நின்றான். யார் சைகை தருவது என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷமாக அது அவள் வேலை. கரையிலிருந்து அவர் சத்தமாகச் சொன்னார்.

"மச்சான், சைகை நீயே குடு."

அவன் தலையை ஆட்டினான். விரலைத் தூக்கிச் சுழற்றினான்.

அரை மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவளுக்கு வேறென்ன வேண்டும். அவன் விரல் சுழன்றால் மோட்டார் முனகும். உள்ளங்கை காட்டினால் நிற்கும். மோட்டார் சூடு ஆறட்டும் என்று அவர் காத்திருந்தார், அவனும் அவசரப்படாமல் காத்திருந்தான். சேறு மெதுவாக வாய் திறந்து வண்டியை விட்டது. மரத்துக்குப் போன கம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. கம்பளி இறங்கி இறங்கிச் சேற்றில் படுத்தது. வண்டி கெட்டித் தரையில் ஏறியதும் இவர்கள் கம்பியும் தளர்ந்தது. அப்போது தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்தான்.

பயமில்லை என்ற சைகைதான் அது. ஆனால் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. அப்படியே நின்று, தோள் குலுங்க அழுதான். மேட்டில் நின்ற பெண் பதறிப்போய், "ஐயோ, வண்டி உடைஞ்சிருச்சா?" என்றாள். சைகை தெரிந்த அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அவர் மோட்டாரை அணைத்தார். மேட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்பப் போ."

அவள் இறங்கி நடந்தாள். தளர்ந்த கம்பி சேற்றில் செத்த கொடியாகக் கிடந்தது. குழந்தைகூடத் தாண்டலாம். அவள் கம்பி வரை வந்தாள், நின்றாள், திரும்பினாள். அது கட்டியிருந்த மரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, ஏன் அந்தப் பக்கம் போற? தளந்துருச்சுக்கா, தாண்டி வா."

"மாட்டேன் போடா. உங்கத்தான் பாத்துக்கிட்டிருக்கார்."

மரத்தைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து சேர்வதற்குள், அவர் மறுபக்கமாக வந்து தம்பியின் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் சேறு சொட்டும் கம்பளி இருந்தது. நீலத் துண்டைக் கட்டை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா திருட்டுப் பயலே" என்றாள் அவள், அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "என் கம்பளிய எதுக்குடா தூக்கிட்டுப் போன?"

"கோவத்துலதான்க்கா எடுத்தேன். அவர் கம்பளி இல்லாம தவிக்கட்டும்னு." மூக்கை உறிஞ்சினான். "மொத மொதல்ல தனியா இழுக்கப் போனப்ப, கை காலெல்லாம் ஓடல. இத எடுத்துப் போட்டேன். அத்தான் பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. அப்பறம் இது இல்லாம ஒரு நாள்கூட இழுத்ததில்ல."

அவர் கம்பளியைப் பிழிந்தார். உதறினார். மடித்து அவனிடமே நீட்டினார்.

"வெச்சுக்க" என்றார். பிறகு, "சாப்பிட வா. வீட்டுல உனக்கு ஒரு கதவக் காட்டணும். ஒரு பிஸ்கட் கதை இருக்கு."